கூண்டில் மூன்று வேலைக்குத்தான் இடம்

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் சுவரைப் பார்த்துவிட்டு ஏதோ கடை என்று நினைத்துக்கொள்வார்கள். வளையல்காரி ஒருத்தி, "இந்தத் தகடு ஜோடி இன்னா வெலைம்மா?" என்று கேட்டே விட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஊரிகத்துத் தங்கச் சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீடுகளில் மற்றவர்கள் சாமி படம் மாட்டுகிற இடத்தில், எங்கள் வீட்டில் ஒரு பலகை தொங்கியது. அதில் வரிசை வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஆணி தகரப் பில்லைகள். இயேசுநாதர் படம் இடம் போதாமல் அடுப்பங்கரைப் பக்கம் போய்விட்டது. புகை பட்டுப் பட்டு அவர் முகம் எங்கள் முகம் மாதிரி ஆகிவிட்டதைப் பார்த்துப் பாதிரியாரே ஒருமுறை திடுக்கிட்டார்.

பலகைக்குக் காரணம் என் வீட்டுக்காரர். புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. இந்த வயதுக்கு மேல் பழகிக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. 'அவர்' என்றே எழுதுகிறேன்.

அவருக்குச் சுரங்கத்து வாயில் பில்லைப் பலகையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. உள்ளே இறங்குகிற ஒவ்வொரு ஆளுக்கும் எண் வெட்டிய பித்தளைப் பில்லை ஒன்று உண்டு. ஆள் வெளியே இருந்தால் அது மேல் வரிசை ஆணியில் தொங்கும். அவன் கயிற்றில் தொங்கும் கூண்டில் ஏறி உள்ளே போனதும் அதைக் கீழ் வரிசைக்கு மாற்ற வேண்டும். திரும்பி வந்ததும் மறுபடி மேலே. கீழ் வரிசை மொத்தமும் காலியானால்தான் எல்லாரும் ஏறிவிட்டார்கள் என்று அர்த்தம். அப்புறம்தான் உள்ளே பாறைக்கு வெடி வைப்பார்கள். மேல் வரிசையில் பில்லை இல்லாதவன் உள்ளே இருக்கிறான், அவ்வளவுதான் சட்டம். சுரங்கத்தை நடத்துகிற கேப்டன் துரையே வந்து நின்று சத்தம் போட்டாலும் அவர் ஒரு பில்லையைக் கூட முன்கூட்டி மேலே மாற்ற மாட்டார். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவர் மேல் பெருமைதான். அதை அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் இன்னொரு பலகை அடித்துவிடுவார்.

இந்த வேலையைப் பார்த்துப் பார்த்து, உலகத்தில் நடக்கிற குளறுபடி அத்தனைக்கும் காரணம் பில்லைப் பலகை இல்லாததுதான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கல்யாணமான புதிதில் நான் உப்பு வாங்க மறந்தேன், அவர் தன் அண்ணனுக்குக் கடுதாசி போட மறந்தார். இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தினோம். மறுநாளே காலி டைனமைட் பெட்டியைப் பிரித்துப் பலகை அடித்தார். மண்ணெண்ணெய் டின்னை வெட்டிப் பில்லை செய்தார். வீட்டில் செய்யவேண்டிய வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு பில்லை, அதில் ஆணியால் கீறிய பெயர். 'கூரை ஒழுகல்', 'அண்ணன் கடுதாசி', 'உலக்கைப் பூண்', 'கோழிக்கூடு'. மேல் வரிசையில் தொங்குவது காத்திருக்கிற வேலை. நடு வரிசை, ஆரம்பித்த வேலை. அதை அவர் 'இறங்கியது' என்பார். கடைசி வரிசை முடிந்த வேலை, அதாவது 'ஏறியது'. ஏறியது ஏன் அடியில் இருக்கிறது என்று நான் கேட்டேன். பலகை அடித்தாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார்.

இதோடு விட்டிருந்தால் நானும் பொறுத்துப் போயிருப்பேன். ஒரு சட்டமும் போட்டார். நடு வரிசையில் மூன்று ஆணிதான்.

"ஏன் மூணே மூணு?" என்றேன்.

"கூண்டுல எத்தினி பேரு நிக்க முடியுமோ அத்தினி பேருதான் எறங்கணும். நெறைய ஏத்தினா கயிறு அறுந்துடும்."

"இங்க ஏதுங்க கயிறு?"

"நான்தான் கயிறு," என்றார்.

அப்படிப்பட்ட கயிறு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கும்.

சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த அக்காவுக்கு இதெல்லாம் காதில் விழும். லைன் வீட்டுச் சுவர் மறைப்புக்குத்தான், சத்தத்துக்கு அல்ல. அவள் புருஷன் பாறையில் துளை போடுகிறவர். அவள் அந்த லைனில் பாதிப் பிள்ளைகளைத் தன் கையாலேயே பிறக்க வைத்தவள். முதல் நாள் பலகையைப் பார்க்க வந்து, இடுப்பில் கையை வைத்து நின்றாள். "இன்னாம்மே, உன் வூட்டுக்காரரு சொரங்கத்து ஷாப்ட்டை வூட்டுக்குள்ளயே தோண்டிட்டாரா? அடுத்து உன்னயும் தங்கம் எடுக்க வுடுவாரு பாத்துக்கோ" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள்.

அந்த வருஷம் எனக்கு முதல் பிள்ளை உண்டானது. எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். அம்மா குடியாத்தத்திலிருந்து ஆள் மேல் ஆளாகச் சொல்லி அனுப்பினாள். எனக்கும் வேறு நினைப்பே இல்லை. லைன் வீட்டில் பிள்ளை பெறுவதை நினைத்தாலே பயமாக இருந்தது. அம்மா பக்கத்தில் இருந்தால் நான் செத்துப்போக மாட்டேன் என்று ஒரு நம்பிக்கை. அதை இன்றைக்குச் சொல்ல வெட்கமில்லை, அன்றைக்கு அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் பவுரிங்பேட்டையில் வண்டி மாறி, இருட்டுவதற்குள் குடியாத்தம் போய்விடலாம். லண்டனுக்கா போகக் கேட்டேன்?

அவர் மறுப்பு சொல்லவில்லை. சந்தோஷமாகத் தகரம் வெட்டி, 'தாய் வீடு' என்று அழகாகக் கீறி, மேல் வரிசையின் கடைசி ஆணியில் மாட்டினார். மாட்டிவிட்டுப் போய் படுத்துக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை நான் பாதி தூரம் போய்ச் சேர்ந்த மாதிரி.

அப்போது கூண்டு நிறைந்திருந்தது. கூரை ஒழுகல், தொட்டில், லீவு என்று மூன்றும் இறங்கியிருந்தன. கூரைக்கு ஸ்டோரிலிருந்து தகரம் வரவேண்டும். தொட்டில் செய்ய வாங்கிய பலகை மழையில் நனையும் என்பதால் அது கூரைக்குக் காத்திருந்தது. லீவு கொடுக்கவேண்டிய கேப்டன் துரை பெங்களூருக்குப் போயிருந்தார். மூன்றும் இறங்கியது இறங்கியபடி நின்றன. ஒன்றும் ஏறவில்லை, ஒன்றும் இறங்கவும் முடியவில்லை. என் வயிறு மட்டும் எந்தப் பலகைக்கும் காத்திராமல் வளர்ந்துகொண்டிருந்தது.

"அந்தத் தொட்டிலத் தூக்கி மேல போட்டுட்டு என்னுத எறக்குங்களேன்," என்று கெஞ்சினேன்.

"எறங்கின வேலைய முடிக்காம மேல மாட்டினா அது பொய்ப் பில்லை. ஆளு உள்ள கீறான், பலகை வெளிய கீறான்னு சொல்லும். வெடி வச்சிடுவாங்க. அந்தப் பாவத்த நான் செய்ய மாட்டேன்."

"தொட்டிலுக்கு எவன் வெடி வைக்கப் போறான்?"

அவர் பலகையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

சரி, நாமே இறங்கிப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். அக்கா புருஷனைக் கேட்டேன். அந்த மனுஷன் ஒரு சாயங்காலம் ஏணி போட்டு ஏறி, மண்ணெண்ணெய் டின்களைத் தட்டி விரித்து ஓட்டையை அடைத்துவிட்டார். ஸ்டோர் தகரமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். கூலியாக ஒரு செம்பு மோர் கேட்டார். அதைவிட உறைப்பானது கேட்டிருப்பார், நான் இயேசுவைக் கும்பிடுகிற வேதக்கார வீட்டுப் பெண் என்று அடக்கிக்கொண்டார். அந்த மனுஷன் கள்ளுக்கடையைக் கண்டால் தன் காலைக் கட்டுப்படுத்த முடியாதவர் என்று லைன் முழுக்கத் தெரியும்.

வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்தார், கூரையைப் பார்த்தார், மகிழ்ந்தார். 'கூரை ஒழுகல்' ஏறியது. ஒரு ஆணி காலி. நான் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நின்றேன். அவர் மேல் வரிசையில் கை வைத்து, 'கோழிக்கூடு' பில்லையை எடுத்து இறக்கப் போனார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "கோழி எனக்கு முன்னாலயா?"

"வரிசைன்னு ஒண்ணு கீதே. அது உனக்கு முந்தியே மாட்டினது."

"மாட்டறது இன்னா, நான் கழுத்துல மாட்டிக்கினு தொங்கறேன், அப்ப எறக்குவீங்களா?"

பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து அக்காவின் குரல் மட்டும் வந்தது. "வுடாத, கேளு!"

கத்தியதில் அவர் பில்லையைப் பிடித்த கை அந்தரத்தில் நின்றுவிட்டது. காலையில் யோசிக்கலாம் என்று மறுபடி மேல் வரிசையிலேயே மாட்டினார். காலையில் அவர் ஷிப்டுக்குப் போனார். எங்களிடம் இருந்தது ஒரு சேவலும் ஒரு பெட்டையும். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே மூக்கை உறிஞ்சினார். மூன்று முறை சோறு போட்டுக்கொண்டு, சட்டியை வழித்துச் சாப்பிட்டு, கை கழுவிய பிறகுதான் கேட்டார், "இன்னா இன்னிக்கி விசேஷம்?"

"கோழிக்கூடு வேலை முடிஞ்சிது," என்றேன்.

பலகைக்கு முன்னால் அவர் பட்ட பாட்டை நான் ரசித்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன். கூடு கட்டவில்லை, அதனால் 'ஏறியது' என்று போட முடியாது. இறங்கவே இல்லை, அதனால் நடு வரிசையிலும் இடமில்லை. கோழி இல்லாததால் காத்திருக்கவும் அர்த்தமில்லை. வெகுநேரம் நின்றுவிட்டுப் பலகையின் ஓரத்தில் புதிதாக ஓர் ஆணி அடித்து அதில் மாட்டினார். இறங்காமலே போய்ச் சேர்ந்தவர்களுக்கான ஆணி என்றார். குரலில் லேசாகத் துக்கம் இருந்தது. அவ்வளவு குழம்பு சாப்பிட்ட மனுஷனுக்குத் துக்கம் எப்படி வருகிறதோ.

அந்த வாரமே கேப்டன் துரை திரும்பி வந்து லீவு கொடுத்தார். கடைசியில், அக்காவையும் கூப்பிட்டுச் சாட்சி வைத்து, 'தாய் வீடு' நடு வரிசைக்கு இறங்கியது. நான் அன்றைக்கு அந்தத் தகரத்தைத் தொட்டுக் கும்பிடாத குறை.

பயணத்துக்கு முந்தின நாள் வேலையிலிருந்து வரும்போது அவர் ஒரு பித்தளைப் பில்லையைக் கொண்டுவந்தார். அக்கா புருஷனுடையது. ஓட்டை தேய்ந்து பிய்ந்து ஆணியில் நிற்காமல் விழுகிறதாம், வீட்டில் துளை போடுகிற தமர் இருப்பதால் வேறு ஓட்டை போட்டுத் தருவதாக எடுத்து வந்தாராம். வழக்கப்படி அதையும் நம் பலகையில், நடு வரிசையில் மிச்சமிருந்த ஆணியில் செருகினார். செருகியதோடு அதை மறந்தார். இதைத்தான் நான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். எதையும் மறக்கக்கூடாது என்று பலகை செய்த மனுஷர், பலகையில் மாட்டிய எதையும் அப்புறம் மனசில் வைத்துக்கொள்வதே இல்லை. பலகைதான் ஞாபகம் வைத்துக்கொள்கிறதே, தான் எதற்கு என்று விட்டுவிடுவார்.

மறுநாள் அவர் லீவு. சுரங்கத்துப் பலகைக்கு வேறோர் ஆள். நாங்கள் மத்தியானச் சாப்பாடு முடித்து, டிரங்குப் பெட்டியைக் கட்டி, ஜட்கா வாசலில் வந்து நிற்கிற நேரம். பகல் ஷிப்ட் முடியும் சங்கு ஊதியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஊதியது. அப்புறம் விடாமல் ஊதியது, சுரங்கத்தில் ஆபத்து என்று அர்த்தம். அதைக் கேட்டால் லைனில் எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. ஓடிவந்த ஒருவன், "மேல் வரிசைல ஒரு பில்லை கொறையுதாம், ஆளு உள்ளயே கீறானாம்!" என்று கத்திக்கொண்டே போனான்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "என் பலகை," என்றார். என்னிடம் போய் வருகிறேன் என்று கூடச் சொல்லாமல் செருப்பில்லாமல் ஓடினார். அடுத்த நிமிஷம் பக்கத்து வீட்டில் ஓலம் கிளம்பியது. குறைகிற பில்லை யாருடையது என்று அக்காவுக்குச் சேதி வந்துவிட்டது. காலையில் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பிய புருஷனை நினைத்து, தலைமுடி அவிழ, மார்பில் அடித்துக்கொண்டு ஓடினாள்.

நான் பலகையைப் பார்த்தேன். நடு வரிசையில் தகரங்களுக்கு நடுவில் பித்தளை மினுக்கியது.

பில்லை இங்கே இருக்கிறது. பில்லை இல்லாதவனைக் கூண்டில் ஏற்றவே மாட்டார்கள். அப்படியானால் அந்த மனுஷன் இன்றைக்கு இறங்கவே இல்லை. இது எனக்குப் புரிய ஒரு மூச்சு நேரம்தான் ஆனது. அவ்வளவு நாள் அந்தப் பலகையோடு சண்டை போட்டதில் அதன் பாஷை எனக்கு வந்துவிட்டது.

வாசலில் ஜட்காக்காரன், "ரயிலுக்கு நேரமாச்சிம்மா," என்றான். ஸ்டேஷன் ஒரு பக்கம், சுரங்கம் மறுபக்கம். அம்மா முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. இந்த வண்டியை விட்டால் அடுத்த லீவு எப்போது கிடைக்குமோ, நான் அதுவரை தாங்குவேனோ தெரியாது. எனக்கு அழுகையாக வந்தது, கோபமாகவும் வந்தது. பில்லையைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறி, "சுரங்கத்துக்கு ஓட்டு," என்றேன்.

அந்தக் கல் ரோட்டில் ஜட்கா போன வேகத்தை என் இடுப்பு இன்னும் மறக்கவில்லை.

சுரங்கத்து வாயில் ஊரே கூடியிருந்தது. ஒருவன் காலையில் கேட்டாண்டை அக்கா புருஷனைப் பார்த்ததாகச் சொன்னான். இன்னொருவன் உள்ளே முனகல் சத்தம் கேட்டதாகவே சொல்லிவிட்டான். அக்கா மண்ணில் புரண்டுகொண்டிருந்தாள். கேப்டன் துரை சிவந்துபோய் நின்றார். என் வீட்டுக்காரர் தலையில் துணியைச் சுற்றி, கையில் விளக்கோடு, தேடிப்போகக் கூண்டுக்குள் ஒரு காலை வைத்திருந்தார். வாழ்நாளில் சுரங்கத்துக்குள் இறங்காத மனுஷர்.

"நில்லுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் சங்கே நின்றுவிட்டது. பில்லையைத் தூக்கிக் காட்டினேன். "இது நம்ம வூட்டு ஆணில தொங்கிச்சி. அக்கா வூட்டுக்காரரு எறங்கவே இல்ல!"

அவர் வந்து பில்லையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். முதலில் அவர் வாயில் வந்தது, "இன்னும் ஓட்டை போடலியே," என்பதுதான்.

அந்த நேரம் பார்த்துக் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு குரல் குழறியது. "இன்னா கும்பலு? யாரு செத்தது?"

அக்கா புருஷன். பில்லை இல்லை, வேலைக்குச் சேர்க்கமாட்டார்கள் என்று காலையில் கேட்டோடு திரும்பி, வீட்டுக்குப் போனால் கேள்வி வரும் என்று கள்ளுக்கடைக்குப் போயிருக்கிறார். அக்கா மண்ணிலிருந்து எழுந்தாள். "நீதான்யா செத்த!" என்று சொல்லிக்கொண்டே போய், அழுத அழுகைக்கெல்லாம் சேர்த்து அவர் முதுகில் கொடுத்தாள். பிறகு அதே முதுகைக் கட்டிக்கொண்டு மறுபடி அழுதாள். கேப்டன் துரை ஏதோ இங்கிலீஷில் சொல்லிவிட்டு, சிரிப்பை மறைக்கத் திரும்பிக்கொண்டார்.

தூரத்தில் ரயில் கூவிக்கொண்டு போனது. அது கூவி முடிப்பதற்குள் எனக்கு இடுப்பில் முதல் வலி எடுத்தது.

அக்காதான் என்னை வீட்டுக்குக் கூட்டிவந்தாள், அவள்தான் இரவு முழுக்கப் பார்த்தாள். ஓலமிட்டு ஓலமிட்டுத் தொண்டை கட்டிப்போய், "முக்கு" என்பதைக்கூடச் சாடையில்தான் சொன்னாள். கத்த வேண்டியதை எல்லாம் நானே கத்தினேன். அம்மாவைக் கூப்பிட்டேன். அவரைத் திட்டினேன். பலகையை அடுப்பில் வைக்கச் சொன்னேன்.

விடியற்காலையில் வாசலில் சுரங்கத்து மேஸ்திரியின் குரல் கேட்டது. ஷிப்டுக்கு நேரமாகிறது, நேற்று நடந்த கூத்தில் துரை லீவை ரத்து செய்துவிட்டார், இன்றைக்கு வராவிட்டால் சும்மா விடமாட்டார் என்றார். ஒருநாளும் ஒரு நிமிஷம் பிந்தாத மனுஷர் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னது எனக்குக் கதவு வழியாகத் தெளிவாகக் கேட்டது.

"எங்க வூட்டுல ஒரு ஆளு எறங்கிகீதுங்க. மேல வராம நான் பலகைய வுட்டு வர முடியாது. துரைகிட்ட அப்படியே சொல்லிடுங்க."

அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில்தான் பிள்ளை வந்தது என்று அக்கா பிறகு லைன் முழுக்கச் சொன்னாள். பெண் பிள்ளை.

அவர் உள்ளே வந்தார். கையில் 'தாய் வீடு' பில்லை. இரவெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறார், உள்ளங்கையில் அதன் விளிம்பு வட்டமாகப் பதிந்திருந்தது. நேராகப் பலகைக்குப் போனார். போய் நின்றுவிட்டார். எந்த வரிசையில் மாட்டுவது என்று தெரியவில்லை.

"ஏத்துங்க," என்றேன்.

"நீ போவலியே. பொய்ப் பில்லை ஆயிடுமே."

"பலகை வேலைக்கா, ஆளுக்கா? ஆளு வெளிய வந்தாச்சி, ஏத்துங்க."

அவர் யோசித்தார். பில்லையைக் கடைசி வரிசையில் மாட்டினார். மெதுவாக வந்து என் முகத்தைப் பார்த்தார், துணிச்சுருளில் இருந்ததைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார்.

"எறங்கினது ஒண்ணு. ஏறினது ரெண்டு," என்றார். "ஒரு பில்லை கொறையுது."

தகரத்தையும் கத்திரியையும் எடுத்துக்கொண்டு வெளியே போனார். வெகுநேரம் வெட்டுகிற சத்தமே கேட்கவில்லை. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு வந்து, அழுகிறார் என்று சாடையில் சொன்னாள்.